மடக்குக்கத்தி: பேழைப் பொருளும் கைப்பொருளும்

சட்டைப்பையில் மடக்கி வைத்துக்கொள்ளும் சிறு கத்தியை நம் மக்கள் இன்றும் 'பேனாக்கத்தி' என்றே வழங்குகின்றனர். அக்கத்தியால் இன்று எவரும் பேனாவைச் சீவுவதில்லை. பறவையின் இறகே எழுதுகோலாக இருந்த காலத்தில், நுனி மழுங்கும்போதெல்லாம் அதனைச் சீவித் திருத்துவதற்கென ஐரோப்பியர் சிறு கத்தி ஒன்றை உடன் வைத்திருந்தனர். இறகுக்கோல் மறைந்தது, உலோக முள் வந்தது, பின்னர் ஊற்றுப்பேனாவும் பந்துமுனைப் பேனாவும் வந்தன. கத்தியின் பெயர் மட்டும் மாறவில்லை. அரபு எழுத்துக்கலையில் வல்லோர்க்கும் நாணற்கோலைச் சீவும் கத்தி இன்றியமையாத கருவியாகும். உதுமானியர் ஆட்சிக்காலத்துத் துருக்கியில் அக்கத்தி செய்வது தனித் தொழிலாகவே வளர்ந்திருந்தது. செய்தவர் தம் முத்திரையை அலகிலே பொறித்தனர்.

எழுத்துக்கும் கத்திக்கும் உள்ள இவ்வுறவு தமிழர்க்குப் புதிதன்று. ஓலையை அளவாக நறுக்கவும், ஓரத்தை வாரவும் கத்தி வேண்டும். எழுதுவதற்கு ஆணி வேண்டும். இவ்விரண்டையும் ஒரே பிடியில் அடக்கி, ஒரு முனையில் ஆணியும் மறுமுனையில் கத்தியுமாக மடித்துக்கொள்ளும்படி செய்த கருவியே மடக்கெழுத்தாணி. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி என்பனவற்றோடு சேர்த்து எண்ணப்படும் இது இடுப்பிலே செருகிச் செல்வதற்கு மிகவும் ஏற்றது. கூர்முனை பிடிக்குள் அடங்கிவிடுவதால் உடலைக் குத்தாது, முனையும் மழுங்காது. தந்தம், கொம்பு, பித்தளை ஆகியவற்றால் பிடியமைத்த மடக்கெழுத்தாணிகளை இன்று அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைகளில் காணலாம். நாம் பார்த்தவற்றுள் எதனிலும் செய்தவர் பெயர் இல்லை. மதுரையில் எழுத்தாணிக்காரத் தெரு என்று ஒரு தெரு உண்டு. பெயர் நிற்கிறது, எழுத்தாணி வாங்குவதற்காக இன்று அத்தெருவைத் தேடிச் செல்வார் இல்லை.

நம்மிடையே இவ்வாறு மறைந்துபோன மடக்குக்கருவித் தொழில், கடந்த அறுபது ஆண்டுகளில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு கலையாக மீண்டும் தழைத்திருக்கிறது. தனியொருவர் தம் பட்டறையில், ஒரு வாடிக்கையாளருக்கென, ஒவ்வொன்றாகச் செய்யும் மடக்குக்கத்திகளை அங்கே ஆயிரக்கணக்கானோர் வாங்குகின்றனர்; சேகரிக்கின்றனர்; அவருள் ஒரு பகுதியினர் அவற்றை நாள்தோறும் சட்டைப்பையில் எடுத்தும் செல்கின்றனர். இதனைச் செல்வர்தம் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆயினும் ஒரு கைத்தொழில் எப்படி அழியாமல் நிற்கிறது என்று அறிய விரும்புவோர்க்கு இதில் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது என்பதே நம் கருத்து.

பழமையும் புதுப்பிறப்பும்

மடக்குக்கத்தி மிகப் பழமையானது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் என்னும் இடத்தில் கிறித்துவுக்கு முற்பட்ட காலத்து எலும்புப்பிடி மடக்குக்கத்தி கிடைத்துள்ளது. உரோமரும் இவ்வகைக் கத்தியைப் பயன்படுத்தினர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் கத்திக்குப் பெயர்பெற்றது. பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் தம் கதை மாந்தருள் ஒருவனான மாவரைப்போன் ஷெஃபீல்டுக் கத்தியை உடையில் செருகியிருந்ததாகக் குறிப்பிடுகிறார். 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சிக்கென அந்நகரத்தார் எழுபத்தைந்து அலகுகளும் கருவிகளும் கொண்ட ஒரே மடக்குக்கத்தியைச் செய்து வைத்தனர். அது கண்ணுக்கு வியப்பு, கைக்கு உதவாது. காட்சிப் பொருளாகிவிட்ட கருவிக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஆலைகள் பெருகிய பிறகு தனிக் கைவினைஞர் அருகினர். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்கேகல் போன்ற சிலரே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கையால் கத்தி செய்துவந்தனர். இராபர்ட் லவ்லெஸ் என்பார் 1954ஆம் ஆண்டில் இத்தொழிலைத் தொடங்கினார். அவர் பெயர் பெற்றது மடங்காத வேட்டைக்கத்திகளாலே எனினும், கத்தி செய்பவரின் பெயரே கத்திக்கு விலை என்னும் நிலையை உண்டாக்கியவர்களுள் அவர் முதன்மையானவர். 1970ஆம் ஆண்டில் கத்திக் கைவினைஞர் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். அதன் ஆண்டுக் கண்காட்சியில் வாங்குவோரும் செய்வோரும் மேசையின் இருபுறமும் நேருக்கு நேர் நின்று பேசினர். இடைத்தரகர் இல்லாத அந்தச் சந்திப்பே இக்கலையின் வளர்ச்சிக்கு வித்திட்டது எனலாம். பின்னாளில் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில் ஆண்டுதோறும் கூடும் கண்காட்சி இதனினும் பெரிதாக வளர்ந்தது.

ரான் லேக் என்பவர் உலோகச் சட்டத்தைக் குடைந்து, அதனுள் கொம்பையும் கிளிஞ்சலையும் இடைவெளி தெரியாமல் பதித்து மடக்குக்கத்திகள் செய்தார். ஒரு நகைத் தட்டாரின் நுண்மை அவற்றில் உண்டு. அவருடைய கத்தி ஒன்று பல்லாயிரம் டாலர்களுக்கு விலைபோகும். ஆனால் மடக்குக்கத்தியின் உள்ளமைப்பையே மாற்றிய பெருமை நியூ மெக்சிகோவைச் சேர்ந்த மைக்கேல் வாக்கர் என்பவரையே சாரும். அதனை விளக்குமுன் மடக்குக்கத்தி எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

மடிப்பின் நுட்பம்

மடங்காத கத்தி ஒரே இரும்பு. அதற்கு ஒரு பிடி. மடக்குக்கத்தியோ இரண்டு நிலைகளில் அசையாது நின்று, ஒரு நிலையில் மட்டும் அசைய வேண்டிய பொறியாகும். மூடியிருக்கும்போது தானாகத் திறக்கக் கூடாது. திறந்திருக்கும்போது விரல்மேல் மடியக் கூடாது. இடைப்பட்ட வேளையிலோ தடையின்றிச் சுழல வேண்டும். அலகையும் பிடியையும் இணைக்கும் அச்சாணி இறுகினால் கத்தி திறவாது. தளர்ந்தால் அலகு ஆடும். மூடிய நிலையில் அலகு இருபுறத் தகடுகளுக்கும் நட்டநடுவே நிற்க வேண்டும். ஒரு மயிரிழை சாய்ந்தாலும் தகட்டில் உரசும். ஆகவேதான் நல்ல மடக்குக்கத்தி செய்பவரை மற்றக் கத்தி செய்வோரும் ஒரு படி உயர்வாக மதிக்கின்றனர்.

மிகப் பழைய அமைப்பில் பூட்டு இல்லை. பிடியின் முதுகில் ஓர் எஃகு வில் இருக்கும். அது அலகின் அடியை அழுத்திக்கொண்டிருக்கும். திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அவ்வழுத்தமே அலகை நிறுத்தும். நம் ஊர்ச் சந்தைகளில் விற்ற பேனாக்கத்திகள் பெரும்பாலும் இவ்வகையினவே. நகத்தால் பற்றித் திறப்பதற்கு அலகில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். இவ்வகைக் கத்தியின் தரத்தைச் சேகரிப்பாளர் 'நடை, பேச்சு' என்னும் இரு சொற்களால் அளக்கின்றனர். திறக்கையில் அலகு வில்லின்மேல் தடையின்றி நகர்வது நடை. முழுதும் திறந்தவுடன் 'டக்' என்று எழும் ஒலி பேச்சு. கண்ணால் பார்த்து இவற்றை அறிய முடியாது. விரலும் செவியுமே அறியும். ஒரு கருவியின் குணத்தைச் சொல்ல நடையையும் பேச்சையும் தேர்ந்துகொண்ட அம்மக்களின் சொல்லாட்சி மொழி பயில்வோர்க்கு இனிக்கும்.

பூட்டுடைய கத்திகளில் முதுகுப்பூட்டு ஒரு வகை. 1964ஆம் ஆண்டில் பக் என்னும் நிறுவனம் வெளியிட்ட 110 எண்ணுள்ள கத்தி இவ்வகையைப் பலரிடமும் கொண்டு சேர்த்தது. உறுதியான பூட்டுத்தான்; ஆயினும் மூடுவதற்குப் பெரும்பாலும் இரு கைகள் வேண்டும். இதற்கு மாறாக, பிடியின் உட்புறம் படிந்திருக்கும் மெல்லிய தகட்டின் ஒரு பகுதியையே வில்லாக வளைத்து, அலகு திறந்தவுடன் அத்தகடு அலகின் அடியில் வந்து முட்டுக்கொடுக்குமாறு அமைப்பது மற்றொரு வகை. இக்கருத்து முற்றிலும் புதியதன்று. 1906ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் இத்தகைய அமைப்பொன்றுக்குக் காப்புரிமை வழங்கப்பட்டிருந்தது. ஆனால் பழைய அமைப்பில் முதுகுவில்லும் உடன் தேவைப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் வாக்கர் முதுகுவில்லை அறவே நீக்கினார். உட்தகட்டையே போதிய உறுதியுள்ளதாக்கினார். மூடிய அலகு தானே திறவாதபடி தகட்டில் ஒரு சிறு எஃகுக் குண்டைப் பதித்தார். 'லைனர் லாக்' என வழங்கும் இவ்வமைப்பில் ஒரே கையால் திறக்கவும் மூடவும் முடியும்.

இதில் நாம் பெரிதும் வியக்கும் நுட்பம் ஒன்றுண்டு. அலகின் அடிப்பகுதி சற்றுச் சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும். பூட்டுத்தகடு அச்சாய்வின் தொடக்கத்தில்தான் முதலில் நிற்கும். பல்லாயிரம் முறை திறந்து மூடித் தேய்மானம் ஏற்பட ஏற்பட, தகடு சாய்வின்மேல் இன்னும் சிறிது உள்ளே நகர்ந்து நிற்கும். ஆகவே தேய்ந்தாலும் பூட்டு தளராது. செய்தவர் தேய்மானத்தை எதிர்பார்த்தே செய்திருக்கிறார் என்பது இதன் பொருள். பயன்படுத்தாமல் வைத்திருக்கும் கத்தியில் இந்த முன்னறிவு வெளிப்படுவதற்கு வழியே இல்லை.

வாக்கருக்குப் பிறகு வந்தவர்களுள் தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் குடியேறிய கிரிஸ் ரீவ் குறிப்பிடத்தக்கவர். அவர் தனி உட்தகட்டுக்கு மாறாகப் பிடியின் ஒரு பக்கத்தையே பூட்டாக்கினார். அவருடைய பெயர்பெற்ற கத்திக்குச் 'செபென்சா' என்று பெயர். வேலை என்னும் பொருள்தரும் ஜூலு மொழிச் சொல்லடியாகப் பிறந்தது அது. அழகைச் சுட்டாமல் உழைப்பைச் சுட்டும் பெயரை விலையுயர்ந்த பொருளுக்கு இட்டது நன்று. இவ்விடத்தில் ஓர் ஆலைப் பொருளையும் சொல்லியாக வேண்டும். 1981ஆம் ஆண்டில் ஸ்பைடர்கோ என்னும் நிறுவனம் வெளியிட்ட கத்தியில், பெருவிரலால் திறப்பதற்கு அலகில் ஒரு வட்டத்துளையும், சட்டைப்பை விளிம்பில் மாட்டிக்கொள்ள ஒரு கவ்வியும் இருந்தன. பேனாவுக்கு உள்ளதுபோன்ற அந்தக் கவ்வியே, கத்தியை எடுத்துச் செல்லும் வழக்கத்தைப் பரப்பியது. கைவினைஞரும் பின்னர் அதனைத் தம் கத்திகளில் அமைத்துக்கொண்டனர்.

உருக்கும் ஒரு பேனாக்கத்தியும்

அலகுக்கான எஃகைப் பற்றி எழுதத் தொடங்கினால் இம்மலரின் பக்கங்கள் போதா. கடினம் மிகுந்தால் கூர் நிலைக்கும், ஆனால் விளிம்பு உடையும். கடினம் குறைந்தால் உடையாது, ஆனால் விரைவில் மழுங்கும். இவ்விரண்டுக்கும் நடுவே, ராக்வெல் அளவையில் 58 முதல் 61 வரை, பெரும்பாலோர் நிறுத்துகின்றனர். தகடுகளுக்கு டைட்டேனியம் என்னும் உலோகத்தை விரும்புகின்றனர்; எஃகின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே உள்ளது; துருப்பிடிக்காது; வில்லாக வளைந்தும் கொடுக்கும். பிடிக்கு மான்கொம்பு, முத்துச்சிப்பி, பாலை மரம் எனப் பலவும் உண்டு. யானைத் தந்தத்தின் பன்னாட்டு வாணிகம் 1989ஆம் ஆண்டு முடிவின்படி தடுக்கப்பட்ட பிறகு, சைபீரியப் பனியில் புதைந்து கிடந்த பேர்யானையின் கொம்பைப் பலர் நாடினர்.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று 'டமாஸ்கஸ்' எஃகில் இருக்கிறது. நீரோட்டம் போன்ற வரிகள் அலகில் தோன்றும் கத்திகளைச் சேகரிப்பாளர் பெரிதும் விரும்புகின்றனர். வில்லியம் மோரன் என்னும் கொல்லர் 1973ஆம் ஆண்டுக் கைவினைஞர் கண்காட்சியில் இத்தகைய கத்திகளை வைத்து வியப்பை உண்டாக்கினார். செய்முறையையும் மறைக்காது வெளியிட்டார். 1976ஆம் ஆண்டில் அவரும் பிறரும் கூடிக் கொல்லுத்தொழிலுக்கென ஒரு கழகம் நிறுவினர். அங்கே பயிற்சியும் தேர்வும் உண்டு. மோரன் செய்தது இருவகை எஃகை அடுக்கடுக்காகச் சேர்த்துக் காய்ச்சி அடித்து மடித்த எஃகு. அமிலம் இட்டால் அடுக்குகள் வரிகளாகத் தெரியும். சிரியா நாட்டுத் தமாஸ்கு நகரின் பெயரால் வழங்கும் பழைய வாள்களின் எஃகோ வேறு. அது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண்மூசையில் உருக்கி எடுக்கப்பட்ட எஃகு. இரும்புத் துண்டுகளுடன் ஆவாரங்குச்சியையும் எருக்கிலையையும் மூசையில் இட்டு மூடிக் காய்ச்சியதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகள் கூறுகின்றன. ஈரோட்டை அடுத்த கொடுமணலில் இத்தொழிலின் தொன்மைச் சான்றுகள் கிடைத்துள்ளன. 'உருக்கு' என்னும் நம் சொல்லே அதன் செய்முறையைச் சொல்லிவிடுகிறது. ஐரோப்பியர் இதனை 'ஊட்ஸ்' என்றனர்.

பம்பாயிலிருந்து இலண்டனுக்கு அனுப்பப்பட்ட இவ்வெஃகை ஆராய்ந்து 1795ஆம் ஆண்டில் ஜார்ஜ் பியர்சன் என்பவர் அந்நகரின் இராயல் சங்கத்தில் ஒரு கட்டுரை அளித்தார். அச்சங்கத் தலைவரின் விருப்பப்படி ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழிலாளர் அந்த எஃகை அடித்துச் செய்தது வாளன்று, ஒரு பேனாக்கத்தி. பிற்காலத்தில் மைக்கேல் ஃபாரடே என்னும் அறிவியலார் இதே ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து எஃகை ஆராய்ந்தார். 1990களில் அமெரிக்கக் கொல்லர் ஆல்ஃபிரட் பெண்ட்ரேயும் அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் வெர்ஹோவனும் பழைய உருக்கின் வரிகளை மீண்டும் உண்டாக்கிக் காட்டினர். தாதுவில் மிகச் சிறிதளவே கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்களே அவ்வரிகளுக்குக் காரணம் என்றும் கண்டனர். குறிப்பிட்ட சுரங்கத்தின் தாது தீர்ந்ததும் வரிகள் தோன்றாமல் போயிருக்கலாம் என்பது அவர்தம் கருத்து. இன்று வாணிகர் இருவகை எஃகையும் 'டமாஸ்கஸ்' என்னும் ஒரே பெயரால் விற்கின்றனர். வாங்குவோர் வேறுபாடு அறிந்து கேட்க வேண்டும்.

மூன்று கத்திகள்

அமெரிக்காவில் பொறியாளராகப் பணியாற்றும் நம் உறவினர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது கைவினை மடக்குக்கத்திகள் மூன்றைக் கொண்டுவந்திருந்தார். மூன்றும் ஒரே கைவினைஞர் செய்தவை. இரண்டைத் தோலுறையிட்டு, காற்றுப்புகாத சிறு பேழையில் வைத்திருந்தார். ஒன்றை ஏழாண்டுகளாக நாள்தோறும் பயன்படுத்திவருகிறார். அதன் பிடியில் கீறல்கள் இருந்தன. அலகு பலமுறை தீட்டப்பட்டதால் சற்று மெலிந்திருந்தது. ஆனால் திறந்து பார்த்தபோது வேறுபாடு புரிந்தது. பேழைக் கத்திகளில் ஓர் இறுக்கம் இருந்தது. பயன்பட்ட கத்தியோ பெருவிரல் தொட்டவுடன் வழுக்கிச் சென்று தன் இடத்தில் அமர்ந்தது. அச்சாணியைச் சுற்றியுள்ள வெண்கல வளையங்கள் பழகப் பழக மெருகேறுவதே காரணம் என்று அவர் விளக்கினார். அந்தக் கத்தியால் நம் வீட்டில் மாம்பழம் நறுக்கினார். பார்சல் கயிறு அறுத்தார். பிள்ளைகளுக்குப் பென்சில் சீவினார். பேழைக் கத்திகளை அவர் மனைவி தொடுவதற்குக்கூட அஞ்சினார்.

இவ்வகைக் கத்தி செய்வோரிடம் வாங்க விரும்புவோர் பெயரைப் பதிந்து காத்திருக்க வேண்டும். பெயர்பெற்றோரிடம் அக்காத்திருப்பு ஆண்டுக் கணக்கில் நீளும். அலகின் நீளம், பிடியின் பொருள், எஃகின் வகை ஆகியவற்றை வாங்குவோர் தேர்ந்துகொள்வர். விலை சில நூறு டாலரில் தொடங்கிப் பல ஆயிரம் வரை செல்லும். கண்காட்சிகளில் கத்தி குறைவாகவும் கேட்போர் மிகுதியாகவும் இருப்பின் சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுப்பதும் உண்டு. இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. ஐந்நூறு டாலருக்கு வாங்கிய கத்தியை வாயிலுக்கு வெளியே வந்தவுடன் ஆயிரத்துக்கு விற்போர் உளர். அவர்க்குக் கத்தி ஒரு பங்குப்பத்திரம். தீட்டினால் விலை குறையும், திறந்தால் தடம் விழும் என்று அஞ்சிப் பூட்டி வைப்பர். முன்பணம் பெற்றுக்கொண்டு பல ஆண்டுகள் கத்தி தராத கைவினைஞரும் உளர். பெயர்பெற்ற வடிவங்களைப் பார்த்துச் செய்த போலிகளும் சந்தையில் மலிந்துள்ளன. ஆதலால் செய்தவரிடமே நேரில் பெறுவதைச் சேகரிப்பாளர் விரும்புகின்றனர்.

பேழையில் வைப்போரை முற்றிலும் பழிப்பதும் முறையன்று. எல்லோரும் எடுத்துப் புழங்கித் தேய்த்துவிட்டால், ஒரு கைவினைஞரின் தொடக்கக் காலக் கைத்திறன் எவ்வாறு இருந்தது என்பதைப் பின்னாளில் அறிய வழியிராது. இன்று நமக்கு மடக்கெழுத்தாணி பார்க்கக் கிடைப்பதும் யாரோ எடுத்து வைத்ததனாலே. எனினும் நூறு கத்திகளைப் பூட்டிவைத்து ஒன்றையேனும் கையில் கொள்ளாதவரைச் சேகரிப்பாளர் என்பதைவிடக் காவற்காரர் என்பதே பொருந்தும் என்று நாம் கருதுகிறோம். செய்பவருக்குப் பணம் இருவராலும் வரும். பூட்டு நழுவியது, கவ்வி உறுத்தியது, பிடி வழுக்கியது என்னும் செய்தி பயன்படுத்துபவரிடமிருந்துதான் வரும். அச்செய்தியே அடுத்த கத்தியைத் திருத்துகிறது.

எடுத்துச் செல்வோர் அறியவேண்டியவை

கத்தி கருவியாகவும் ஆகும், கொலைப்படையாகவும் ஆகும். அரசுகள் இதனைத் தத்தம் போக்கில் வகுத்துள்ளன. இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மூன்று அங்குலத்துக்கு மிகாத, பூட்டில்லாத மடக்குக்கத்தியைத்தான் காரணம் காட்டாமல் பொதுவிடத்தில் வைத்திருக்கலாம். பூட்டு விரலைக் காப்பது. ஆயினும் அச்சட்டத்தின் முன் பூட்டுள்ள கத்தியே ஐயத்துக்குரியது. சப்பானில் ஆறு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகைத் தக்க காரணமின்றி எடுத்துச் செல்லலாகாது. அமெரிக்காவில் பொத்தானை அழுத்தினால் தானே திறக்கும் கத்திகளை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதை 1958ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. நியூயார்க் மாநிலத்தில், மணிக்கட்டை உதறினால் திறக்கக்கூடிய மடக்குக்கத்தியை வைத்திருப்பதும் நெடுங்காலம் குற்றமாயிருந்தது. தச்சரும் சரக்குக் கூலியாட்களும் தம் வேலைக்கத்திக்காகச் சிறைப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் கறுப்பினத்தாரும் இலத்தீன் அமெரிக்க வழியினரும் என்னும் கண்டனம் எழுந்தது. 2019ஆம் ஆண்டில் அத்தடை நீக்கப்பட்டது. ஒரே கத்தி செல்வரின் பேழையில் கலைப்பொருள், தொழிலாளியின் பையில் குற்றப்பொருள் என்றிருந்த நிலை எண்ணிப் பார்க்கத்தக்கது.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழமைந்த விதிகள், ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உடைய அலகுள்ள கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன; வீட்டுக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் என அமைந்தவற்றுக்கு விலக்கு உண்டு. சிறு மடக்குக்கத்தி இவ்வளவில் அடங்காது. எனினும் கல்வி நிலையம், நீதிமன்றம், தேர்தல் கூட்டம் ஆகிய இடங்களுக்கு அதனை எடுத்துச் செல்லாதிருப்பதே அறிவுடைமை. மாணவர் இதனைக் கருத்தில் கொள்க. விமானத்தில் செல்வோர் சரக்குப் பெட்டியிலேயே வைக்க வேண்டும். கைப்பையில் வைத்தால் சோதனையில் பறிபோகும். வளைகுடாவிலிருந்து வருவோர் பலர் இவ்வாறு நல்ல கத்திகளை இழந்திருக்கின்றனர்.

இராம்பூர்

இந்தியாவில் மடக்குக்கத்திக்குப் பெயர்பெற்ற ஊர் உத்தரப்பிரதேசத்து இராம்பூர். ரோகில்லா நவாபுகள் ஆண்ட ஊர். கீழைநாட்டுக் கையெழுத்துச் சுவடிகள் நிறைந்த ரஸா நூலகத்தாலும் புகழ்பெற்றது. அங்குள்ள கைவினைஞர், பெரும்பாலும் முஸ்லிம்கள், செய்த 'இராம்பூரி' என்னும் மடக்குக்கத்தியை இந்தித் திரைப்படங்கள் முரடர் கையில் கொடுத்து நாடெங்கும் காட்டின. திறக்கும்போது எழும் ஒலியும் படங்களால் பரவியது. பித்தளைப் பிடியில் மீன் வடிவமும் பூவேலையும் செய்த கைகளை எவரும் காட்டவில்லை. 1990களில் நாலரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகை மாநில அரசு தடைசெய்தது, சீனத்து மலிவுக் கத்திகளும் வந்தன, பட்டறைகள் மூடின. 2023ஆம் ஆண்டில் அவ்வூர் நாற்சந்தி ஒன்றில் ஏறத்தாழ இருபதடி உயரமுள்ள கத்தி ஒன்றை நினைவுச் சின்னமாக நிறுவினர். அதற்கு அரைக்கோடி உரூபாய்க்கும் மேல் செலவாயிற்று. அத்தொகைக்குக் கைவினைஞரிடம் சிறு கத்திகளை வாங்கியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றுகிறது.

நம் தமிழ்த்துறையில் நிகழும் சுவடிப் பயிற்சிக்கு இதுவரை வாங்கியவை எல்லாம் மடங்காத எழுத்தாணிகள். அவற்றின் முனை பைக்குள் கிடந்து மழுங்குகிறது, பைத்துணியையும் கிழிக்கிறது. ஆதலால் பக்கத்து ஊர்க் கொல்லர் ஒருவரிடம், அருங்காட்சியகத்தில் எடுத்த படத்தைக் காட்டி, மடக்கெழுத்தாணி செய்து தர இயலுமா என்று கேட்டோம். அறுபது வயதைக் கடந்தவர். அரிவாளும் பாளை சீவும் கத்தியும் செய்பவர். படத்தை நெடுநேரம் பார்த்தபின், "எழுதுறதுக்கா சார், பீரோவுல வைக்கிறதுக்கா?" என்றார். எழுதுவதற்கு என்றால் ஆணியடியின் இறுக்கம் வேறு, பார்வைக்கு என்றால் வேறு என்பது அவர் கணக்கு. எழுதுவதற்கே என்றோம். பிடிக்குக் கொம்பு கிடைக்காது, பித்தளையில் செய்யலாம், இரண்டு மாதம் ஆகும் என்றார். பிடியில் தம் பெயரை வெட்டித் தர வேண்டும் என்று நாம் கேட்டதற்கு முதலில் சிரித்தார், பின்னர் இசைந்தார். முன்பணம் கொடுத்து வந்திருக்கிறோம்.